தொண்டையில் ஒரு புளியங்கொட்டை



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் கோப்பி குடிக்கும்போதோ, எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்தாலோ நிதானமாகப் படியுங்கள். இன்று இலக்கணமும் இல்லை, திருக்குறளும் இல்லை. என்னைப் பற்றி ஒரு செய்தி.

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி தனிச்செய்தி அனுப்பியிருந்தாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) அவளுடைய அம்மாவுக்கு மறதி நோய். பகல் முழுவதும் வேலை, இரவு முழுவதும் அம்மா. "டீச்சர், நேத்து அம்மாவைப் பார்த்துக் கத்திட்டேன். கையைக்கூட ஓங்கிட்டேன். நான் கெட்டவளா டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

பதிலை மூன்று முறை எழுதி அழித்தேன். "பொறுமையாக இரு" என்று எழுதுவது சுலபம். முப்பது வருடம் வகுப்பில் அதைத்தானே சொன்னேன்? ஆனால் அவள் ஓங்கியதோடு நிறுத்திவிட்டாள். நான் அடித்தேவிட்டவள். அதைச் சொல்லாமல் அவளுக்கு எப்படிப் புத்தி சொல்வது?

அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ஓய்வு பெற்றது 2018இல். என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2021இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போனது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், சொல் வராது. "தண்ணி" என்று நினைத்து "கதவு" என்பார். பிறகு அதுவும் குறைந்து, தலையசைப்பு மட்டும் மிஞ்சியது.

மகன் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரை, உடற்பயிற்சி, சாப்பாடு எல்லாம் நான்தான். பணிப்பெண் வைக்கலாம் என்று மகன் சொன்னான். "என் புருஷனை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். ஊரும் என்னைப் பாராட்டியது. கோயிலில் பார்ப்பவர்கள் "உங்களை மாதிரி வருமா டீச்சர்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வருவேன்.

இரண்டாம் வருடம் தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி ஓர் உணர்வு தொடங்கியது. புளிச்சோறு சாப்பிடும்போது ஒரு கொட்டை தெரியாமல் உள்ளே போய் நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. விழுங்கினால் இறங்காது. இருமினால் வராது. ஆனால் சாப்பாடு தடையில்லாமல் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் கொட்டை தெரியும். கூடவே பெருமூச்சு, விலாவில் ஓர் இறுக்கம், இரவு ஒரு மணிக்கு விழிப்பு.

புற்றுநோயோ என்று பயந்துவிட்டேன். பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினார்கள். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்றார் மருத்துவர். அமிலம் மேலே வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார். "மன உளைச்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எப்படிக் குறைப்பது? வீட்டுக்கு வந்தால் அதே நாற்காலி, அதே கஞ்சிக் கிண்ணம்.

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்து அவர் மாத்திரை சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தார். மாலை கஞ்சி கொடுத்தேன். விழுங்குவதில் சிரமம் இருப்பதால் கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். இடது கையால் கரண்டியைத் தட்டிவிட்டார். துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் தட்டினார். மூன்றாவது முறை கஞ்சி என் முகத்தில் தெறித்தது.

"ச்சீ!" என்று கத்தினேன். அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். கரண்டி பறந்து போய் வாசல் இரும்புக் கதவில் மோதி விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு தன் சட்டை நுனியை இடது கையால் இழுத்து, மேசையில் சிந்தியிருந்த கஞ்சியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை. தொண்டையில் அந்தக் கொட்டை மட்டும் இருந்தது.

மறுநாள் காலை எதிர்வீட்டுச் சீன அக்கா கதவைத் தட்டினார். இருபது வருடமாக ஒரே மாடியில் இருக்கிறோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பாதி ஆங்கிலம், பாதி மலாய், நடுவே சீனம் என்று எங்கள் பேச்சு ஓடும். என்னை 'லாவ்ஷி' என்றுதான் கூப்பிடுவார், ஆசிரியர் என்று பொருள். "லாவ்ஷி, உன் முகம் சரியில்லை. இன்று நான் சின்சேயிடம் போகிறேன், நீயும் வா. உன் வீட்டுக்காரரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்றார். நான் மறுப்பதற்குள் அவர் கணவர் சீனப் பத்திரிகையோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சின்சே என்றால் சீன மருத்துவர். சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். எனக்கோ சீன மருத்துவம் என்றால் கண்ணாடிப் போத்தல்களில் காய்ந்த கடல்குதிரையும் பெயர் தெரியாத வேர்களும்தான் நினைவுக்கு வரும். அக்காவுக்காகத்தான் போனேன்.

சின்சே நாற்பது வயதுப் பெண். முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். ஓரங்கள் சிவந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார், இரண்டு கையிலும். என் தாத்தா ஊரில் வைத்தியரிடம் கை நீட்டியது நினைவுக்கு வந்தது. நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரலால் வாதம், பித்தம், கபம் பார்ப்பார்கள். இவர்கள் ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒவ்வோர் உறுப்பைப் பார்க்கிறார்கள். "உங்கள் நாடி வாத்தியத்தில் இழுத்துக் கட்டிய கம்பி போல இருக்கிறது" என்றார். அப்படி ஒரு நாடி வகையே அவர்கள் நூல்களில் இருக்கிறதாம்.

அதன்பிறகு கேள்விகள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? பெருமூச்சு விட்டால் இலேசாக இருக்கிறதா? விலா இறுகுகிறதா? தொண்டை எப்படி?

"புளியங்கொட்டை சிக்கிய மாதிரி" என்றேன். புளியங்கொட்டை அவருக்குப் புரியவில்லை. கையால் அளவு காட்டினேன். அவர் சிரித்தார். "நாங்கள் பிளம் பழக்கொட்டை என்போம்" என்றார். இந்த உணர்வுக்குச் சீன மருத்துவத்தில் பெயரே 'பிளம் கொட்டைச் ச்சி'. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிய நூலிலேயே, பெண்களின் தொண்டையில் எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற இந்த நோயும் அதற்கான மருந்தும் இருக்கின்றன என்றார். இன்றைய மருத்துவத்தில் இதற்கு குளோபஸ் என்று பெயர்.

உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்தக் கணத்தில் பாதிப் பாரம் இறங்கியது. எந்த ஊரோ, எந்தக் காலமோ, என்னைப் போலவே யாரோ ஒருத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு அவர், "உங்கள் கல்லீரலில் ச்சி தேங்கியிருக்கிறது" என்றார்.

'ச்சி' என்பது அவர்கள் மருத்துவத்தின் அடிப்படைச் சொல். உடம்பில் ஓடும் உயிர்விசை என்று வைத்துக்கொள்ளலாம், நாம் பிராணன் என்கிறோமே, ஏறக்குறைய அப்படி. ஆனால் என் காதில் அது நம் தமிழ் 'ச்சீ'யாக விழுந்தது. முந்தின நாள் மாலை என் வாயிலிருந்து வந்த அதே 'ச்சீ'. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் மேல் கோபம்?" என்று சின்சே கேட்டார்.

"யார் மேலும் இல்லை. நான் ஆசிரியை. நான் கோபப்பட மாட்டேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "கோபம் ஒரு குற்றம் இல்லை. இருமல் எப்படியோ அப்படித்தான் கோபமும். எங்கே உண்டாகிறது, ஏன் வெளியே போகவில்லை என்று பார்க்க வேண்டும்" என்றார்.

சீன மருத்துவத்தில் ஏழு உணர்ச்சிகள் சொல்கிறார்கள்: மகிழ்ச்சி, கோபம், கவலை, ஓயாத சிந்தனை, துக்கம், பயம், திடீர் அதிர்ச்சி. இவற்றில் எதுவும் கெட்டது இல்லை. அளவு மீறினாலோ, நீண்ட நாள் உள்ளேயே கிடந்தாலோதான் நோய். கோபம் கல்லீரலைத் தாக்கும், துக்கம் நுரையீரலை, பயம் சிறுநீரகத்தை, ஓயாத சிந்தனை மண்ணீரலை, அளவுக்கு மிஞ்சிய மகிழ்ச்சி இதயத்தை. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் 'கல்லீரல்' என்பது இரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் மட்டும் அல்ல. உடம்பில் எல்லாம் தடையின்றி ஓடும்படி பார்த்துக்கொள்ளும் ஒரு வேலைக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். "கல்லீரலில் தேக்கம்" என்று சின்சே சொன்னால் உங்களுக்கு மஞ்சள் காமாலை என்று பயந்துவிடாதீர்கள்.

மருந்து எழுதுவதற்கு முன் நான் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். அக்கா வீட்டில் மனம் சரியில்லை என்றால் கோதுமை, சீனச் சிவப்புப் பேரீச்சை, அதிமதுரம் மூன்றையும் கொதிக்கவைத்துக் குடிப்பது வழக்கம். அதுவும் ஜாங் ஜோங்ஜிங் நூலில் உள்ள பழைய மருந்துதான், எனக்கும் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். சின்சே வேண்டாம் என்றுவிட்டார். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். நம் வீடுகளிலும் தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறோமே, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனியுங்கள்.

எனக்குக் கொடுத்தது வேறு. இஞ்சியோடு பதப்படுத்திய பன்சியா கிழங்கு, மக்னோலியா மரப்பட்டை, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், பெரில்லா இலை, பச்சை இஞ்சி. மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாக வற்றவைக்க வேண்டும். நம் கஷாயம் போலத்தான். வாசனை மட்டும் பழைய புத்தக அலமாரியைத் திறந்த மாதிரி. ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம். மணிக்கட்டிலும் பாதத்திலும் மயிரிழை போன்ற ஊசிகள் வைத்தார். வலி இல்லை, கனமாக ஓர் உணர்வு மட்டும். வாரம் ஒரு முறை, ஆறு வாரம் போனேன்.

நான் எழுந்திருக்கும்போது அவர் சொன்னதுதான் முக்கியம். "மருந்து தேங்கியதைக் கொஞ்சம் அசைத்துவிடும். நீங்கள் அதே மாதிரி இருந்தால் மறுபடியும் தேங்கும்." ஒரு தாளில் நான்கு வேலை எழுதிக் கொடுத்தார். வீட்டுப்பாடம்! முப்பது வருடம் வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு வீட்டுப்பாடம்.

முதலாவது, இரவு 11 மணிக்குள் படுத்துவிட வேண்டும். 11 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிவரை பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் உரிய நேரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நோயாளி தூங்கிய பிறகு நள்ளிரவு ஒரு மணிவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு அது தேவையான கட்டளை.

இரண்டாவது, படுக்கும் முன் கணுக்கால் மூழ்கும் அளவு சுடுதண்ணீரில் கால் மணி நேரம் கால் வைத்திருப்பது. நீரிழிவு உள்ளவர்கள் முதலில் வேறு யாரையாவது தண்ணீரின் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாது.

மூன்றாவது, இரண்டு இடங்களை அழுத்துவது. ஒன்று, உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே. அதன் பெயர் நெய்குவான். கப்பலில், பேருந்தில் குமட்டாமல் இருக்க ஒரு பட்டை கட்டுவார்களே, அது அழுத்துவதும் இதே இடத்தைத்தான். இன்னொன்று, பாதத்தின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து விரலால் மேலே தடவிக்கொண்டே வந்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும், அது தாய்ச்சொங். கோபத்துக்கு உரிய இடம் என்று சொல்வார்கள். ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடம், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே அழுத்த வேண்டும்.

நான்காவது, தினமும் காலையில் பாடுவான்ஜின். எட்டு அசைவுகள் கொண்ட பழைய சீன உடற்பயிற்சி. 'எட்டுப் பட்டுத்துண்டுகள்' என்று பொருள். எங்கள் புளோக்கின் வெற்றுத்தளத்தில் காலை ஏழு மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் செய்வதை வருடக்கணக்காக மின்தூக்கிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன். அக்காவும் அதில் ஒருவர். "நாளைக்கு வா. அரை மணி நேரம் என் வீட்டுக்காரர் உன் வீட்டில் இருப்பார்" என்றார். கூச்சத்தோடு கடைசி வரிசையில் போய் நின்றேன்.

இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்குவது, வில்லை இழுப்பது போல இழுப்பது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வரும். ஏழாவது அசைவில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நின்று, முஷ்டியை மடக்கி, மெதுவாக முன்னால் குத்த வேண்டும். கண்ணை உருட்டி முறைக்க வேண்டும். கோபக் கண்ணோடு முஷ்டி மடக்குவது என்றே அதற்குப் பெயர்.

முதல் நாள் எனக்கு முறைக்க வரவில்லை. அக்கா திரும்பிப் பார்த்து, "லாவ்ஷி, வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல் பார்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முஷ்டியை நீட்டி முறைத்தபோது, என் கண் முன்னால் நின்றது மாணவன் இல்லை. என் கணவர். பக்கவாதத்துக்கு முன்பு இருந்தவர். உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்று பத்து வருடம் கெஞ்சியும் கேட்காதவர். எல்லாப் பாரத்தையும் என் தலையில் இறக்கிவைத்துவிட்டு, திட்டினால் பதில்கூடச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவர். நோயாளி மேல் கோபப்படக் கூடாது என்று நான் விழுங்கிவைத்திருந்ததெல்லாம் அந்த முஷ்டியில் வந்து நின்றது.

எட்டாவது அசைவு, குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஏழு முறை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கண்ணீர் கொட்டியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு தாத்தா பிளாஸ்கிலிருந்து செவ்வந்திப்பூத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். "என்னங்க, அன்னைக்கு உங்களை அடிச்சிட்டேன். தப்பு. எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம். ஆனா அடிச்சது தப்பு" என்றேன். அவர் இடது கையை என் தலையில் வைத்தார். பிறகு அந்தக் கையால் மெதுவாக ஒரு குட்டு வைத்தார். கணக்குத் தீர்ந்தது என்பதுபோல.

கொட்டை ஒரே நாளில் போய்விடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது இல்லை என்று கவனித்தேன். மறுநாள் வந்தது. பிறகு வராத நாட்கள் கூடின. இன்றும் எப்போதாவது வரும். வந்தால் உடனே என்னைக் கேட்டுக்கொள்வேன்: எதை விழுங்கினாய்?

கஞ்சி இப்போதும் சிந்துகிறது. போன மாதம்கூடக் கரண்டி பறந்தது. கை துடித்தது உண்மை. எழுந்து சமையலறைக்குப் போய், மணிக்கட்டை அழுத்திக்கொண்டு பத்து மூச்சு விட்டேன். அந்தப் பத்து மூச்சு நேரம்தான் எனக்குக் கிடைத்த மருந்து என்று நினைக்கிறேன். முன்பு கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒன்றுமே இருந்ததில்லை.

கஷாயம், ஊசி, தூக்கம், காலைப் பயிற்சி, என்னை ஒருவர் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது, பக்கத்து வீட்டுக்காரர் தந்த அரை மணி நேரம் என இத்தனையும் சேர்ந்துதான் என்னைத் தேற்றின. இதற்கு இத்தனை மதிப்பெண், அதற்கு இத்தனை என்று பிரித்துப் போட மாட்டேன். ஊசி மருத்துவம் மன உளைச்சலைத் தீர்க்கிறதா என்ற ஆய்வுகளில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் நேரத்துக்குத் தூக்கம், மெதுவான அசைவு, நீண்ட மூச்சு, மனிதர்களோடு நிற்பது, இவை நல்லது என்பதில் எந்த மருத்துவத்துக்கும் சண்டை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலை அரைமணி நேரங்களில் எங்கள் கூடத்தில் இரண்டு கிழவர்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, இன்னொருவருக்குப் பேச்சே இல்லை. ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது என் கணவர் தெளிவாக, "சியா பா புவே?" என்றார். ஹொக்கியனில் "சாப்பிட்டாச்சா?" என்று அர்த்தம். பேருந்து ஓட்டிய காலத்தில் சக ஓட்டுநர்களோடு தினமும் பேசியது. தமிழில் என் பெயர் வரவில்லை, ஹொக்கியன் வருகிறது! ஒரு பக்கம் பொறாமை, ஒரு பக்கம் சிரிப்பு. பேச்சுப் பயிற்சி தருபவரிடம் சொன்னேன். பழகிப்போன வாக்கியங்கள் இப்படித் தானாக வருவது உண்டு என்றார். இப்போது தினமும் நான் அவரிடம் அதையே கேட்கிறேன். அவரும் என்னைக் கேட்கிறார்.

என் மாணவிக்கும், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் சில வார்த்தைகள்.

தொண்டையோ நெஞ்சோ எதுவாக இருந்தாலும் முதலில் மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேமராவில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் சின்சேயிடம் போனேன். விழுங்கச் சிரமம், எடை குறைவு, இரத்தம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு பக்க மருத்துவர்களிடமும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். என் கணவருக்கும் கஷாயம் கேட்டேன். அவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால் சின்சே கொடுக்க மறுத்துவிட்டார். டாங்குய் போன்ற மூலிகைகள் அந்த வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு உண்டாகலாம். 'மூலிகைதானே, கெடுதல் இல்லை' என்பது தவறு. 1990களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள இன்னொன்று சேர்ந்துவிட்டதுதான் காரணம். எனக்குக் கொடுத்த பன்சியாவும் பதப்படுத்தாமல் பச்சையாக இருந்தால் நஞ்சு. ஆகவே பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் போங்கள். இணையத்தில் வாங்காதீர்கள். நான் மேலே எழுதியதைப் பார்த்தும் வாங்காதீர்கள்!

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதற்குக் கஷாயம் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பணம் ஒரு தடையாகத் தோன்றினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம், இன வேறுபாடு பார்க்காமல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்வதற்காகவே உருவானது. இந்த மருத்துவம் சீனருக்கு மட்டும் என்று அவர்களே நினைத்ததில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் கழித்து எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன், "அன்று காலை ஏன் வந்து தட்டினீர்கள்?" அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "முந்தின நாள் சாயங்காலம் உன் சத்தம் கேட்டது. கரண்டி விழுந்த சத்தமும் கேட்டது. என் மாமியாரை நான் ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன், லாவ்ஷி. எங்கள் வீட்டிலும் கரண்டி விழுந்திருக்கிறது."

அதனால், என் அன்பு மாணவியே, நீ கெட்டவள் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறாய். அதை முதலில் சரிசெய்வோம். சனிக்கிழமை காலை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கீழே போய் அரை மணி நேரம் நடந்துவிட்டு வா.

மற்றவர்களுக்கு: உங்கள் தளத்தில் எந்த வீட்டிலாவது கரண்டி விழும் சத்தம் கேட்டால், தயவுசெய்து மறுநாள் காலை போய்க் கதவைத் தட்டுங்கள்.

எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்